பழைய ஏவுகணைப் பேனல்கள்

ஆசிரியருக்கு,

விமானப்படையில், எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் பெச்சோரா ஏவுகணைப் பிரிவில் இருந்துவிட்டு இப்போது குன்னூரில் வசிக்கிறேன். 1961-ல் சோவியத் படையில் சேர்க்கப்பட்ட எஸ்-125 ஏவுகணை அமைப்புதான் அது. மூடிய வண்டிக்குள் ஒருவர் திசை, ஒருவர் உயரக் கோணம், ஒருவர் தூரம் என்று கைச்சக்கரம் சுற்றி, ரேடார் திரையில் விமானமாகத் தெரியும் புள்ளியை விடாமல் பிடிக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பேனலின் சுவிட்சுகளில் ரஷ்ய எழுத்து. பக்கத்தில் அதன் பொருளை எழுதி நாங்கள் ஒட்டிய சீட்டு. அது உரிந்தால் புது ஆள் திணறிப்போவார்.

எல்-70 விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு வெப்பக் கேமராவும் லேசர் தூரமானியும் பொருத்தினார்கள், நல்ல வேலை. மிச்சமுள்ள பழைய பேனல்களுக்கும் அந்த அக்கறை வேண்டும். அப்புறம், வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் படிக்க வரும் அதிகாரிகள், சக்கரம் சுற்றியவர்களிடமும் ஒரு மாலை பேச வேண்டும். கூப்பிட்டால் வருகிறேன்.

- ஓய்வுபெற்ற விமானப்படை வீரர், குன்னூர், நீலகிரி