ஷட்டருக்கு என்ன நிறம்?

யாங்கோன் (நம் ரங்கூன்),
2019 நவம்பர்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் தீபாவளி கழிந்து இரண்டாம் நாள் கைக்கு வந்தது. கண்புரை எடுத்தாயிற்று, ஒரு மாதம் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். சரி, அதையாவது கேள். சின்ன வயதில் யார் சொன்னதைக் கேட்டாய்?

போனில் பேசினால் பாதியில் லைன் அறுந்துவிடுகிறது. இந்தச் சங்கதியைத் துண்டு துண்டாகச் சொல்லவும் முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் அப்பாக்கள் வேலை பார்த்த மோட்டார் ஷோரூம் பிழைத்துவிட்டது. முழுசாகப் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடிக்கவில்லை.

நீ கப்பலேறியபோது பார்த்த கோலத்திலேயே அது உன் மனதில் நிற்கும். தெருமுனையில் வளைந்த முகப்பு, இரண்டாள் உயரத்துக்குக் கண்ணாடி, உள்ளே கறுப்பும் வெள்ளையுமான மொசைக் தரையில் ஆஸ்டினும் மோரிஸும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். நாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்போம், வாசலில் நிற்கும் கூர்க்கா வந்து விரட்டுவார். 1964 மார்ச்சில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அதற்கப்புறம்தானே உங்கள் வீட்டில் மூட்டை கட்டினீர்கள்? நீங்கள் போன மறு வருஷமே கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். முதலில் டயர் குடோன், அப்புறம் காகித குடோன், கடைசியில் என்ன வைத்திருந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மாடியில் ஆபீஸ் இருந்த இடத்தில் ஆறு குடும்பம் குடியேறியது.

உனக்குத் தெரியாத ஒரு வேடிக்கை சொல்கிறேன். பின்பக்க ஷெட்டுக்கு இரண்டு வாசல் இருக்குமே, ஒன்றின் மேல் ‘இன்’, இன்னொன்றின் மேல் ‘அவுட்’ என்று சிமெண்டில் எழுத்து வார்த்திருப்பார்கள். 1970-ல் ஒரே நாளில் நாட்டையே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள். ஸ்டியரிங் மட்டும் இருந்த பக்கமே இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் நடுரோட்டில் இறங்க வேண்டியதாயிற்று. நம் ஷெட்டிலும் ‘அவுட்’ வழியாக வண்டி உள்ளே போய் ‘இன்’ வழியாக வெளியே வந்தது. ஐம்பது வருஷமாக அந்த எழுத்தை யாரும் அழிக்கவில்லை. இப்போது புதுப்பிக்கிறவர்கள், ஜனங்கள் குழம்புவார்கள், மாற்றி எழுதலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன். இந்த ஊர்க்காரன் இதைவிடப் பெரிய குழப்பமெல்லாம் பார்த்தவன்.

இடிக்கிற பேச்சு எப்படி வந்தது என்று கேட்பாய். 2005-ல் தலைநகரை நேபிடாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே, அன்றிலிருந்தே பெரிய பெரிய கட்டடங்கள் ஆளில்லாமல் ஊறிக்கொண்டு கிடந்தன. 2011-க்கு அப்புறம் நாடு கதவைத் திறந்தது, நிலத்தின் விலை பேய் மாதிரி ஏறியது. இங்கே வழக்கம் இதுதான்: காண்ட்ராக்டர் வருவான், பழைய வீட்டை இடித்து எட்டு மாடி எழுப்புவான், நிலத்துக்காரனுக்குப் பாதி, தனக்குப் பாதி. குடியிருப்பவனுக்கு ஏதோ கொடுத்து அனுப்புவான். நம் சின்ன வயசுத் தெருக்களில் பாதி இப்படித்தான் போயின. 2012-ல் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற யாங்கோன் ஹெரிடேஜ் டிரஸ்ட் வந்த பிறகு கொஞ்சம் பேச்சாவது எழுந்தது. கட்டடங்களில் நீலப் பலகை பதிக்கிறார்கள். நகராட்சியின் பட்டியலில் 189 கட்டடங்கள் உண்டு. பெரும்பாலும் கோயில், பள்ளிவாசல், சர்ச், அரசாங்க ஆபீஸ். மோட்டார் விற்ற இடத்தை யார் சேர்ப்பார்கள்?

நம் அதிர்ஷ்டம், நிலத்துக்காரரின் பேத்தி சிங்கப்பூரில் கட்டடக் கலை படித்துவிட்டு வந்திருந்தாள். தாத்தாவிடம் ஆறு மாதம் மல்லுக்கு நின்று, கீழே கடையும் மேலே வீடுமாக வாடகைக்கு விட்டால் நஷ்டம் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டி, காண்ட்ராக்டரைத் திருப்பி அனுப்பினாள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் தேடி என்னிடம் வந்தாள். என் தாய்மாமன் ஐராவதி டெல்டா பக்கம் செட்டியார் கட்டடங்களில் கொத்து வேலை பார்த்தவர் என்று உனக்குத் தெரியும். அவரிடம் கற்றது கடைசிக் காலத்தில் இப்படி உதவும் என்று நினைக்கவே இல்லை.

முதலில் மரத்தைச் சொல்ல வேண்டும். மேல் சுவரிலிருந்து ஓர் அரசமரம் முளைத்து, வேர் இரண்டு மாடி கீழே இறங்கி, செங்கலுக்கு நடுவே விரல் விட்டுப் பிடித்திருந்தது. பர்மிய ஆட்கள் யாரும் அரிவாளைத் தொடவில்லை. மரத்தில் நாட், அதாவது அவர்கள் கும்பிடுகிற ஆவி, குடியிருக்கும். வாழைப்பழமும் தேங்காயும் தட்டில் வைத்து, வேறு இடத்துக்குப் போகும்படி கேட்டுக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தோம். நான் என் பங்குக்குப் பிள்ளையாருக்கு ஒரு சிதறு தேங்காய் போட்டேன். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தால் நல்லதுதானே. மரத்தை ஒரேயடியாகப் பிடுங்கினால் சுவரும் கூடவே வந்துவிடும். மேலே வெட்டி, வேரைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்து, எடுத்த இடத்தை அன்றன்றே அடைத்துக்கொண்டு வந்தோம். இதற்கே ஐந்து வாரம்.

அப்புறம் பூச்சு. குடோன்காரர்கள் கை வைத்த இடமெல்லாம் சிமெண்ட் பூசியிருந்தார்கள். இந்த ஊரில் வருஷத்துக்கு நூறு அங்குலத்துக்கு மேல் மழை. சுண்ணாம்பில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் குடித்த ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளேயே நின்று உப்புப் பூத்து, செங்கல் மாவாகிவிடும். தட்டிப் பார்த்தால் தொப் தொப்பென்று சத்தம் வரும். அத்தனையையும் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, மணலும் செங்கல் தூளும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினோம். இளம்பிள்ளைகள், வெல்லத்தைச் சுவருக்கு ஊட்டுகிறாரே கிழவர் என்று சிரித்தார்கள். நாலாவது நாள் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

இனி சண்டைக்கு வருகிறேன். முகப்பைக் காப்பாற்றுவதில் யாருக்கும் தகராறு இல்லை. அடைத்த செங்கலை எடுத்தாயிற்று, கண்ணாடி திரும்ப வந்தாயிற்று. ஆனால் பின்பக்க ஷெட்டை இடித்துக் கார் நிறுத்த இடம் விடப்போகிறோம் என்றார்கள். தகரக் கூரை, கர்டர், எண்ணெய்க் கறை பிடித்த தரை, இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று தாத்தா கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. முகப்பில் நின்றவர்கள் வாங்க வந்த துரைகளும் விற்ற குமாஸ்தாக்களும். என் அப்பாவும் உன் அப்பாவும் அந்த மொசைக் தரையைச் செருப்போடு மிதித்ததில்லை. அவர்கள் இடம் அந்த ஷெட். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டால் ரங்கூனில் கார் தானாகவே ஓடியது என்றல்லவா ஆகும்?

அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. கம்ப்யூட்டரில் சில படங்களைக் காட்டினாள். லண்டன் பிக்கடிலியில் வுல்ஸ்லி கம்பெனி 1921-ல் கட்டிய கார் ஷோரூம், தூணும் வளைவுமாக அரண்மனை மாதிரி இருக்கிறது. கம்பெனி 1926-ல் திவாலாகி மறு வருஷம் மோரிஸ் கைக்குப் போனது, நம் மோரிஸ்தான். கட்டடம் பேங்க் ஆகி, 2003-லிருந்து பெரிய சாப்பாட்டு ஓட்டல். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மோட்டார் இருந்ததற்கு வாசலில் உள்ள பெயர் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அடுத்து அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ஆபர்ன் ஊர். 1930-ல் கட்டிய ஆபர்ன் கம்பெனியின் ஷோரூமும் ஆபீஸும் 1974-ல் மியூசியம் ஆகி, அந்தக் கம்பெனி செய்த கார்களையே அதே தரையில் நிறுத்தியிருக்கிறார்கள். “இரண்டில் எது வேண்டும் அங்கிள்?” என்று கேட்டாள். இரண்டும் வேண்டாம், குழி வேண்டும் என்றேன்.

குழி நினைவிருக்கிறதா? வண்டிக்கு அடியில் இறங்கி நின்று வேலை பார்ப்பார்களே, கிரீஸ் குழி. பலகை போட்டு மூடி, மேலே மூட்டை அடுக்கியிருந்தார்கள். திறந்தால் கழுத்து மட்டும் தண்ணீர். இறைத்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இரும்புப் படி ஐந்தும் அப்படியே இருந்தன. பக்கச் சுவரில் விளக்கு வைக்கிற மாடத்தில் கரி கூடப் போகவில்லை. நான் இறங்கி நின்று பார்த்தேன். என் தலை தரைக்கு மேலே தெரிந்தது. அப்பா என்னைவிடக் குட்டை, அவருக்குச் சரியாக இருந்திருக்கும்.

அப்பா அந்தக் குழியில் ஐம்பதுகளில்தான் இறங்கினார். அதற்கு முன் யுத்தத்தின்போது துறைமுகப் பக்கம் பாகங்களைச் சேர்த்து லாரி பூட்டியவர். சீனாவுக்குப் போக வேண்டிய அமெரிக்க லாரிகள் பெட்டி பெட்டியாக ரங்கூனில் வந்து இறங்கும். இங்கே பூட்டி, பர்மா ரோட்டில் ஓட்டி அனுப்புவார்கள். 1942-ல் ஜப்பான்காரன் ஊருக்குள் நுழையுமுன், அரைகுறையாகப் பூட்டிக் கிடந்த தொள்ளாயிரம் லாரிகளை வெள்ளைக்காரனே கொளுத்திவிட்டுப் போனான். கையால் பூட்டியதைக் கண்ணெதிரே எரித்தார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இதை அந்தத் தாத்தாவிடம் பர்மியில் என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே எழுந்து போய்விட்டார். மறுவாரம் ஷெட் இருக்கட்டும், கூரையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சேதி வந்தது. நான் சொன்னதாலா, இடிக்கிற கூலி மிச்சம் என்பதாலா, யாருக்குத் தெரியும்.

போனதும் உண்டு. மொசைக் தரையில் பாதி பெயர்ந்துவிட்டது. புதிதாக வார்த்தது நிறம் சேரவில்லை, பல் கட்டிய வாய் மாதிரி இருக்கிறது. மாடியில் இருந்த ஆறு குடும்பத்தில் நாலுதான் திரும்பி வருகிறது. மற்ற இரண்டும் பணம் வாங்கிக்கொண்டு டகோன் பக்கம் போய்விட்டன. அதில் ஒன்று நாற்பது வருஷமாக இருந்த தமிழ் முஸ்லிம் வீடு. ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்குப் பிரியாணி வந்த வீடு. கட்டடம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுகிறபோதெல்லாம் அந்த அடைத்த கதவு கண்ணில் படுகிறது.

இப்போது முக்கியமான விஷயம். ஷெட்டின் இரும்பு ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பிளேடால் சுரண்டிப் பார்த்தோம். மேலே அரசாங்கச் சாம்பல் நிறம், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் செங்காவி. செங்காவி துருவுக்கு அடிக்கிற முதல் பூச்சு, அதை விட்டுவிடு. பச்சையா நீலமா என்பதுதான் கேள்வி. நீலம் யுத்தத்துக்கு முந்தியது, நம் காலத்தில் பச்சை என்று அந்தப் பெண் சொல்கிறாள். எனக்கு நீலமாகத்தான் ஞாபகம். உன் அப்பாதான் அங்கே பெயிண்டர். மழைக்கு முன்னால் வருஷாவருஷம் அவரே அடிப்பார். நீ டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாய், உன் அரைக்கால் சட்டை பூராவும் அந்த நிறம்தான் இருக்கும். கண் கட்டு அவிழ்த்ததும் யோசித்து எழுது. ஆட்கள் டிசம்பர் முதல் வாரம் வருகிறார்கள், அதற்குள் தெரிய வேண்டும். எழுத முடியாவிட்டால் பேரனை விட்டு ஒரு வார்த்தை போன் பண்ணச் சொல். ஒரு வார்த்தைக்கு லைன் தாங்கும்.

உன்
மச்சான்