பக்கத்துப் பார்ட்டைக் கேள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

இந்த வருஷம் என் இறுதியாண்டு மெக்கானிக்கல் பிள்ளைகள் மாணவர்களே ரேஸ் கார் செய்து ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்கான காரையே புராஜெக்டாக எடுத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் தடத்தில்தான் ஓட்ட வேண்டும். பெட்ரோல் என்ஜின் 710 சிசியைத் தாண்டக் கூடாது. அதற்குள் போகிற காற்றெல்லாம் 20 மி.மீ. துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். காரை 60 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள், சக்கரம் எழும்பக் கூடாது. பிரேக்கை மிதித்தால் நாலு சக்கரமும் லாக் ஆக வேண்டும். அப்புறம்தான் ஓட்டவே விடுவார்கள்.

போன மாதம் என்ஜினை சேஸிஸில், அதாவது காரின் குழாய்ச் சட்டத்தில், ஏற்றினார்கள். செயின் மாட்டப் போனால் செயின் ஓடும் பல்சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேரில் இல்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 6 மி.மீ. விலகல். கம்ப்யூட்டரில் இரண்டு குழுவின் மாடலும் தனித்தனியே சரிதான். என்ஜின் மவுண்ட் போட்டவர்கள் சேஸிஸின் நடுக்கோட்டிலிருந்து அளந்திருக்கிறார்கள். பின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் டிஃபரன்ஷியலுக்கு மவுண்ட் போட்டவர்கள் பின்குழாயின் வெளிவிளிம்பிலிருந்து. கொஞ்ச நேரம் ஒரே சண்டை. சஸ்பென்ஷன் பார்க்கும் பெண்தான் சாக்பீஸை எடுத்து, "இனி எல்லாரும் இங்கிருந்துதான் அளக்கணும்" என்று தரையில் கோடு போட்டாள். மவுண்டைக் கிரைண்டரில் அறுத்து மறுபடி வெல்டு வைத்தார்கள். இப்போது சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது: எந்தப் பார்ட் எதோடு சேர்கிறது, எங்கிருந்து அளவு, இரண்டு பக்கத்தார் கையெழுத்து. குழுவாகச் செய்யும் புராஜெக்டில் கற்க வேண்டியது இதைத்தான் என்பேன். தன் பார்ட்டை ஒழுங்காகச் செய்ய ஓரளவு யாருக்கும் வந்துவிடும். அடுத்தவன் பார்ட்டோடு அது சேரும் இடத்தில்தான் கோளாறே.

ஆனால் நம் மதிப்பெண் முறை அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. பேட்சில் நாலு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "இது என்ன?" என்று கேட்கிறோம், "ஏன் இந்தக் குழாய், ஏன் இந்தத் தடிமன்?" என்று தோண்டுவது குறைவு. கடையில் ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி, கூடவே ரிப்போர்ட்டும் வாங்கி வருகிறவன் தப்பித்துப் போவதும் இதனால்தான். எனக்கு அது பெரிய வருத்தம். போட்டியில் டிசைன் நடுவர்கள் ஏன், ஏன் என்றுதான் துளைப்பார்கள். "சீனியர்கள் இப்படித்தான் செய்தார்கள்" என்ற பதில் அங்கே எடுபடாது.

அதனால் உன்னிடம் ஓர் உதவி. தினமும் சப்ளையர் டிராயிங்குகளில் குறை கண்டுபிடிக்கிற ஆள் நீ. ஒரு சனிக்கிழமை வந்து இவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேள். அவரவர் செய்த பார்ட்டைக் கேட்காதே, பக்கத்துப் பார்ட்டைக் கேள். பிரேக் பார்க்கிறவனிடம் ஸ்டீயரிங், ஸ்டீயரிங் பார்க்கிறவனிடம் சஸ்பென்ஷன். திணறினால் திணறட்டும், போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஓசூரில் ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் இங்கே வந்துவிடலாம். தங்கலும் சாப்பாடும் நம் வீட்டில்தான். எந்த வாரம் உனக்குத் தோதுப்படும் என்று எழுது, பிள்ளைகளிடம் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்