மெல்லிய துணிக்கு அந்தப் பக்கம் மலை

அன்புள்ள கண்ணம்மா,

அந்த மலைக் காப்பகத்து டென்டில் குட்டியையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போங்கள். ஆனால் எப்படிப் போக வேண்டும் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் அங்கே போய் இறங்கிய அன்று ராத்திரி நடந்ததை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. நீ எங்கள் கல்யாண நாளுக்கென்று ஆசையாக ஏற்பாடு செய்து அனுப்பிய பயணம், உன் மனம் கஷ்டப்படும் என்று அடக்கிக்கொண்டேன். இப்போது நீயே குழந்தையோடு கிளம்புகிறாய், இனி மறைப்பது தப்பு.

பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் "ஒரே நாளில் போய்விடலாம்" என்றார்கள். காலையில் சமவெளியில் வண்டி ஏறினோம், பொழுது சாயும் முன் 3,000 மீட்டர் உயரத்தில் இருந்தோம். இறங்கும்போதே அப்பாவுக்குத் தலைவலி. சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டார். களைப்பு என்று நானும் விட்டுவிட்டேன்.

நடுராத்திரி விழிப்பு வந்தது. அவ்வளவு அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவர் மூச்சு தனியாகக் கேட்கும். அது நின்றிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஒன்பது வரை எண்ணியபோது ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார், அப்புறம் வேகவேகமாக நாலைந்து. மறுபடியும் நின்றது. மறுபடியும் எண்ணினேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நான் இருந்த இருப்பை எப்படி எழுதுவது!

அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கி-டாக்கி வைத்திருந்தார்கள். அதை அழுத்தியதும் முகாமில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் டார்ச்சோடு ஓடி வந்தார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை அப்பாவின் விரலில் மாட்டிப் பார்த்தார், எழுப்பிப் பேச வைத்தார், நாலு அடி நேராக நடக்கச் சொன்னார். அப்புறம்தான் என்னிடம் நிதானமாக விளக்கினார். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் உடம்பு வேகமாக மூச்சு வாங்குகிறது. அப்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. அது குறைந்தால் தூக்கத்தில் மூளை கொஞ்ச நேரம் மூச்சை நிறுத்தி வைக்கிறது. இது நிறையப் பேருக்கு வருமாம், இதற்காக மட்டும் பயப்பட வேண்டாமாம். கவனிக்க வேண்டியது தலைவலியைத்தான். அது குறையாமல் வாந்தி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று ஏதாவது சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். விடியும்வரை அந்தத் தம்பி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அப்பாவை எங்கேயும் நடக்க விடவில்லை. சாயங்காலத்துக்குள் தலைவலி விட்டது.

ஆகவே, ஒரே நாளில் ஏறாதே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான். வழியில் 2,000 மீட்டர் அளவில் ஓர் ஊரில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு மேலே போ. 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலையேறுகிறவர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கிற கணக்கு. குட்டிக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. சிணுங்கினாலோ, சாப்பிட மறுத்தாலோ, விளையாடாமல் மடியிலேயே கிடந்தாலோ அதைத் தலைவலி என்றே எடுத்துக்கொள். கிளம்பும் முன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சரி, பயமுறுத்தியது போதும். அந்த இடம் எவ்வளவு அழகு என்று சொல்லாமல் விட்டால் அதுவும் பாவம்.

டென்ட் என்றதும் குனிந்து நுழைகிற கூடாரம் என்று நினைத்திருந்தேன். இது நிமிர்ந்து நடக்கிற அறை. இரட்டைக் கான்வாஸ், நல்ல மெத்தை, தடித்த கம்பளிகள், பின்னால் குளியலறை. ஆனாலும் சுவர் துணிதான். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பகலெல்லாம் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறுகிறது, வாசல் துணி உள்பக்கம் உப்புகிறது. வெயில் இறங்கியதும் மேலிருந்து குளிர்ந்த காற்று கீழே வழிய ஆரம்பிக்கிறது, பின்பக்கத் துணி அசைகிறது. இரண்டாம் நாள் நான் மணி பார்க்கவே இல்லை, துணியைப் பார்த்தே பொழுதைத் தெரிந்துகொண்டேன்.

தரையில் சிமென்ட் போடவில்லை. மரப் பலகை மேடை போட்டு அதன்மேல் டென்டை நிறுத்தியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் அடியில் ஓடிவிடும், மண்ணும் இறுகாது. சீசன் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். காட்டைக் காட்டாகவே திருப்பிக் கொடுக்கிற இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு ரொம்ப மரியாதை வந்துவிட்டது.

குளிர் பயங்கரம்தான். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்கிறார்கள், கணக்குப் போட்டுக்கொள். தூங்கும்போது அடுப்பு எரியவிட மாட்டார்கள். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் மணமும் தெரியாது, உயிரே போய்விடும். யார் சொன்னாலும் நீயும் எரியவிடாதே. படுக்கையில் ரப்பர் வெந்நீர்ப் பை வைக்கிறார்கள், விடியும்வரை கால் சூடாக இருக்கிறது. காற்றுப் போகிற வலை ஜன்னலைக் குளிருக்குப் பயந்து முழுக்க மூடிவிடாதே. ஒரு ராத்திரி நான் மூடினேன். விடியற்காலையில் எங்கள் மூச்சுதான் கூரைத் துணியில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு நின்றது, ஒரு சொட்டு சரியாக என் நெற்றியில் விழுந்தது.

தின்பண்டம் எதையும் டென்டுக்குள் வைக்காதே. பற்பசையைக்கூட வாங்கி வேறு இடத்தில் பூட்டி வைக்கிறார்கள், வாசனைக்கு எலியும் வரும், கரடியும் வரும். குட்டியின் பாக்கெட்டில் பிஸ்கட் இருக்கிறதா என்று படுக்கும் முன் பார்த்துவிடு. வெயில் சுகமாக இருக்கிறதே என்று தொப்பியில்லாமல் விடாதே, உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும்.

அப்புறம், அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துப் போ. இதை மட்டும் எனக்காகச் செய். டார்ச்சை அணைத்துவிட்டு இருபது முப்பது நிமிஷம் சும்மா நிற்க வேண்டும், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாகும். வெளிச்சம் வேண்டுமென்றால் சிவப்பு டார்ச் தருவார்கள். மூன்றாம் ராத்திரி நானும் அப்பாவும் ஒரே கம்பளிக்குள் நின்றோம். பால்வீதி ஒரு மலையிலிருந்து அடுத்த மலை வரை கிடந்தது. அந்தத் தம்பி ஓர் ஓரத்தில் புகைபோல ஒரு திட்டைக் காட்டி, ஆண்ட்ரோமெடா என்றார், நம் பால்வீதி மாதிரியே தூரத்தில் இருக்கிற இன்னொரு நட்சத்திரக் கூட்டமாம். அந்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 25 லட்சம் வருஷம் ஆகிறதாம். சின்ன வயதில் மின்சாரம் போன ராத்திரிகளில் நீ என் மடியில் படுத்து நட்சத்திரம் எண்ணுவாய், நாற்பதைத் தாண்ட மாட்டாய், தூங்கிவிடுவாய். அதை அப்பாதான் ஞாபகப்படுத்தினார். குட்டி எத்தனை வரை எண்ணுகிறான் என்று எனக்கு எழுது.

அங்கே வேலை செய்கிறவர்கள் வெந்நீரை வாளியில் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி வருகிறார்கள். அரை வாளியில் குளிக்கப் பழகு. மாப்பிள்ளையிடமும் சொல்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், சாயங்கால நடையைக்கூட விடவில்லை. நான்தான் இன்னமும் ராத்திரி ஒரு தடவை எழுந்து, அவர் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் படுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா