வாயை மூடியிருந்தால் குரல் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

தொண்டை கட்டினால் பேசாதே, அவசரமென்றால் கிசுகிசுவென்று சொல் என்கிறார்கள். குரல்வளையில் ஒன்றோடொன்று சேர்ந்து அதிர்ந்து ஓசை எழுப்புபவை குரல்நாண்கள். சளிக்காய்ச்சலில் வீங்கிய நாண்களுக்கு இரண்டு மூன்று நாள் ஓய்வு சரி. நாண்களில் ஒரு கோளாறும் இல்லாமல், தசை தவறாக இறுகிப்போனதால் கெட்ட குரலுக்கு ஓய்வு மருந்தாகாது. கிசுகிசுத்தால் பலருக்கு அந்த இறுக்கம் இன்னும் கூடும்.

முதலில் இ.என்.டி. மருத்துவர் கேமரா விட்டுக் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும். குரல் கம்மி 4 வாரம் தாண்டினால் தள்ளிப்போடக் கூடாது. புகைபிடிப்பவர்களும், கழுத்தில் கட்டியோ மூச்சுத்திணறலோ விழுங்குவதில் சிரமமோ உள்ளவர்களும் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். ‘எல்லாம் நார்மல்’ என்ற ரிப்போர்ட்டோடு பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். குரல் பயிற்சிக்கு வர வேண்டியவர்களே அவர்கள்தான்.

அப்படி ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் குரல் அடியோடு போனவரிடம் ‘பேசுங்கள்’ என்றால் காற்றுதான் வரும். இருமச் சொன்னால் ஓசையோடு இருமுவார். நாண்கள் சேர்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. அந்த இருமலின் வாலைப் பிடித்து ‘ம்ம்ம்’ என்று இழுக்க வைக்க வேண்டும். பிறகு ‘ம்மா’, ‘மாமா’, ‘மழை’, ஒன்று முதல் பத்து, அப்புறம் வாக்கியம். ஓசை நழுவினால் ஒரு படி இறங்கி மறுபடி ‘ம்ம்ம்’. முதல் நாளே குரல் திரும்புவது அரிதல்ல. வந்ததும் அனுப்பிவிடுவதுதான் தவறு; சாதாரணப் பேச்சில் நிலைக்கும்வரை உட்கார வைக்க வேண்டும்.

இறுக்கிப் பேசிக் கரகரப்பவர்களுக்கு ஸ்ட்ரா பயிற்சி. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி 2 செ.மீ. மூழ்கட்டும். உதட்டை மூடி, ஸ்ட்ரா வழியே ‘ஊ’ என்று மூன்று நிமிடம், நாளுக்கு நாலைந்து முறை. எதிரே தண்ணீர் தடுப்பதால் நாண்களுக்கு மேலேயும் காற்றழுத்தம் கூடி, அவை ஒன்றோடொன்று மோதும் வேகம் குறைகிறது. குமிழி வந்து ஓசை வராவிட்டால் வெறுமனே ஊதுகிறீர்கள். ஓசை வந்து குமிழி நின்றால் காற்று மூக்கு வழியே போகிறது. கழுத்து நரம்பு புடைத்தால் ஸ்ட்ராவைச் சற்று மேலே தூக்குங்கள். எடுத்த கையோடு அதே சுலபத்தில் ஒரு வாக்கியம் பேசிப் பார்க்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். குமிழி விட்டது வீணாகி, பழைய குரலே திரும்புகிறது. செருமும் பழக்கத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் போதும்.

மனக்கவலை சேர்ந்திருந்தால் அதற்கும் ஆலோசனை வேண்டும். ஆனால் ‘நடிப்பு’ என்ற சொல் வீட்டிலிருந்தோ மருத்துவரிடமிருந்தோ ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், அப்புறம் இருமச் சொன்னால்கூடக் குரல் போனவர்கள் நம்பி இரும மாட்டார்கள்.

– குரல் பயிற்சி அளிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள்