பொல்சேனா ஏரிக்கரையிலிருந்து

அன்புள்ள சேதுவுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஐந்து மாதமாகப் பதில் போடாததற்கு வழக்கமான பொய்களைச் சொல்லலாம்; எல்லாம் உனக்கு மனப்பாடம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பள்ளி விடுமுறை. மகன் ரோமிலிருந்து எங்களைப் பொல்சேனாவுக்குக் கூட்டி வந்திருக்கிறான். எரிமலை உள்வாங்கிய பள்ளத்தில் தேங்கிய ஏரி. ஆழமான இடத்தில் 151 மீட்டர். வந்த அன்றே படகுத்துறையில் குனிந்தேன், மூக்குக்கண்ணாடி உள்ளே போய்விட்டது. சிரிக்காதே. உன் செருப்புக் கதையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஏரியின் விலாங்கு மீனைத் தின்று தீர்த்த நான்காம் மார்ட்டின் என்ற போப்பை, செத்தபின் பட்டினி போட்டுத் தன் காவியத்தில் நிறுத்திவைத்தார் இத்தாலியக் கவி தாந்தே. பக்கத்தில் உனக்கும் ஓர் இடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்று ஒர்வியேத்தோ போனோம். குன்றின்மேல் ஊர், அடிவாரத்தில், ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்களின் கல்லறைகள், தெருத்தெருவாக, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் போல. வாசல்களின் மேல் வலமிருந்து இடமாகப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். ‘மி’ என்று தொடங்குகிறது. ‘நான்’ என்று பொருளாம். நான் இன்னாருடையது என்று 2,500 ஆண்டுகளாகக் கல்லறையே சொல்லிக்கொண்டிருக்கிறது. எழுத்து கிரேக்கர்களிடமிருந்து வந்ததால் ஒலி தெரிகிறது, மொழிதான் போய்விட்டது. பெயர்களும் சில சொற்களும் பிடிபடுகின்றன, நீண்ட வாசகம் வந்தால் அறிஞர்களே திணறுகிறார்கள். கி.மு. 264இல் ரோமானியர் ஊரை அழித்து, மிஞ்சியவர்களை இந்த ஏரிக்கரைக்கு விரட்டினார்கள். 1263இல் பொல்சேனா தேவாலயத்தில் நற்கருணை அப்பத்திலிருந்து ரத்தம் கசிந்ததாக நம்பிக்கை. ரத்தம் பட்ட துணியையும் ஒர்வியேத்தோக்காரர்களே வைத்திருக்கிறார்கள். ஏரிக்காரர்கள் பாவம்.

இனிதான் விஷயம். இரவு உன் கடிதத்தை எடுத்தேன். கண்ணாடி இல்லையே, பேத்தியைப் படிக்கச் சொன்னேன். போன கோடையில் நான் சொல்லிக்கொடுத்த எழுத்து. ழகரம்கூடப் பிசகவில்லை, சேது. ‘திருந்தாத ஜென்மம்’ என்று நீ திட்டியிருந்ததைப் பிரார்த்தனை போல நிறுத்தி நிதானமாகப் படித்தாள். முடித்துவிட்டு அப்பாவிடம் இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டாள். தாத்தாவை நல்லவர் என்று எழுதியிருக்கிறாரா என்று கேட்கிறாளாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகன் சிரிக்கவில்லை. அப்புறம் எனக்கும் தூக்கம் வரவில்லை. எழுத்தைக் கொடுத்தேன், பேசவில்லை. ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டி என்ன பேசியிருக்கிறேன்?

அடுத்த கடிதத்தை அவள் பெயருக்கு எழுது. கிணற்றில் நாம் விலாங்கு பிடித்த கதையை, சுலபமான சொற்களில். பாதியில் நிறுத்திவிடு. மீதிக்கு அவள் என்னிடம்தான் வந்தாக வேண்டும். எப்படியும் உனக்கு அந்த முடிவு சரியாக நினைவிருக்காது, விழுந்தது நீ.

புதுக் கண்ணாடி புதன்கிழமை வருகிறது. அதுவரை இந்தக் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

உன்,
வரதன்