ஏரிக்கரையில் ஒரு கொலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலன் கிரோடி இயக்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் பை தி லேக்’ (2013) பற்றிய உங்கள் ஞாயிறு குறிப்பு, பாலுறவுக் காட்சிகளோடு பேச்சை முடித்துக்கொண்டது வருத்தம் தந்தது. வயது வந்தோருக்கான படம்தான், சரி. ஆனால் கான் திரைப்பட விழாவின் ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ பிரிவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கிய படம் அது.

ஆண்கள் ஆண்களைத் தேடி வரும் ஒரு பிரெஞ்சு ஏரிக்கரை. மிஷேல் தன் காதலனை நீரில் அமுக்கிக் கொல்வதை ஃபிராங்க் பார்த்துவிடுகிறான். பார்த்த பிறகும் அவனிடமே போகிறான். ஆசை கண்ணை மறைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்தே போகிறான். பின்னணி இசை கிடையாது. காற்றும் தண்ணீர்ச் சத்தமும்தான். கேமரா ஏரி, காடு, கார் நிறுத்துமிடம் இவற்றைத் தாண்டுவதே இல்லை. அந்த அடைப்பில் நமக்கே மூச்சு முட்டுகிறது.

அப்புறம் ஆன்றி. யாரையும் தேடாமல் கரையில் தனியே உட்கார்ந்திருப்பவர், ஃபிராங்கிடம் பேச்சுத்துணையை மட்டும் கேட்பவர். மிஷேலை முதலில் சந்தேகிப்பவர்களில் ஒருவரும் அவரே. அவரைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
திருச்சி