அலாரத்தை அணைக்காதீர்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளின் உற்பத்தி, தர மேலாளர்களுக்கு,

வணக்கம். 14 வருடமாக ஸ்பாட் வெல்டிங் லைனில் நிற்கிறேன். இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளுக்கு (டிப்) நடுவே அழுத்தி, மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டும் வேலை. டிப்பை அரம் போட்டுக் கையால் தேய்த்த காலத்தையும் பார்த்தவன்.

முன்பு நான் வேலை செய்த இடத்தில் ஒருநாள், ஷிப்ட் முடியும்போது ஒரு பேனலை எடுத்து உளி சோதனை செய்தோம். வெளியே எல்லா ஸ்பாட்டும் வட்டமாக, அழகாக இருந்தன. மூன்றாவது ஸ்பாட்டுக்குப் பக்கத்தில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டியதும் தகடுகள் பிரிந்துவிட்டன. உள்ளே நக்கெட்டே, அதாவது இரண்டு தகடும் உருகி ஒன்றாகும் உலோகக் கட்டியே இல்லை. தகட்டின் மேல்பூச்சான துத்தநாகம் உருகி ஒட்டிய சாம்பல் வளையம் மட்டும்தான். 1 மி.மீ. தகட்டில் குறைந்தது 4 மி.மீ. விட்டத்தில் நக்கெட் வந்திருக்க வேண்டும். காலைச் சோதனைக்குப் பிறகு போன பேனல்களில் எத்தனை இப்படிப் போனதோ என்று நினைத்தபோது கை நடுங்கியது.

மீட்டரில் ஆம்பியர் சரியாகத்தான் காட்டியது. அதுதான் ஆபத்து. துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டில் அடிக்க அடிக்க, துத்தநாகம் செம்பு டிப்போடு கலந்து பித்தளையாகிறது. டிப் முகம் காளான்போல விரிகிறது. மின்சாரத்தை அளந்து அனுப்பும் கன்ட்ரோலர் அதே 10,000 ஆம்பியரை அனுப்பும். ஆனால் அது அகலமான பரப்பில் பரவிப்போவதால், உருகுவதற்கான சூடு ஓரிடத்தில் சேராது.

ஒவ்வொரு ஸ்பாட்டிலும் மின்தடை எப்படி மாறுகிறது என்று கன்ட்ரோலர் பதியும் வளைகோடு இதைக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ஸ்பாட்டில் தடை முதலில் இறங்கும், தகடு சூடேற ஏற உயரும், உச்சம் தொட்டு, நக்கெட் வளரும்போது மறுபடி இறங்கும். நக்கெட் உருவாகாத ஸ்பாட்டில் அந்த உச்சம் தாமதமாகும், அல்லது மழுங்கிப் போகும். உலோகம் தெறித்தால் கோடு சட்டென்று விழும். கால் வினாடிக்குள் முடிகிற வேலையை நம் கண் பார்க்க முடியாது, கன்ட்ரோலர் பார்க்கிறது.

அன்றும் பார்த்திருந்தது. பதிவைத் திறந்தால், பாதி ஷிப்டிலிருந்தே வளைகோடு மாறியிருந்தது. லைன் அடிக்கடி நிற்கிறது என்று, கோடு மாறினால் அடிக்கும் அலாரத்தை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு காரில் நாலாயிரம் ஸ்பாட் வரை இருக்கும். ஷிப்டுக்கு ஒரு பேனலை உடைத்துப் பார்த்து அத்தனைக்கும் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். உளி சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இருக்கட்டும். வளைகோட்டுத் திரையை ஆபரேட்டர் பக்கம் திருப்பி வையுங்கள். அதைப் படிக்க எங்களுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுங்கள். கோடு மாறினால், டிப் சீவக் குறித்த ஸ்பாட் எண்ணிக்கை முடியவில்லை என்றாலும், டிப்பைச் சீவிக்கொள்ள அனுமதி கொடுங்கள். டிப் சீவ ஆகும் நேரத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள், போன பேனல்களைத் திரும்ப வரவழைக்க ஆகும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலாரம் அணைக்கப்பட்ட வெல்டிங் கன் உங்கள் ஆலையில் எத்தனை என்று இன்றே எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்பாட் வெல்டிங் ஆபரேட்டர்